பவுனம்மாவும் எளியோர் வீட்டு நிதியும்

ஒரு காட்டில் மழைகூடச் சில வருஷம் ஏமாற்றிவிடும். வாடகை ஏறுவது மட்டும் ஒரு வருஷமும் ஏமாற்றியதில்லை.

அந்தக் காட்டில் பவுனம்மா என்ற பெருச்சாளி, புருஷன் சின்னப்பனோடு ஒரு கருவேல மரத்தடி வளையில் வாடகைக்கு இருந்தாள். நிறைமாதக் கர்ப்பிணி. வளை கரடியாருக்குச் சொந்தம். காட்டில் பாதி வளையும் முக்கால்வாசிப் புற்றும் அவருடையதுதான்.

ஒருநாள் காலை கரடியார் வளைக்குள் மூக்கை நீட்டினார்.

“ஏம்மா, காலி பண்ணணும். இங்க மயிலுங்களுக்கு நடனப் பள்ளி வருது.”

“மழை வரப் போகுதுங்களே. பிரசவம் ஆகுற வரைக்குமாவது…”

“மயிலுக்கும் மழையிலதாம்மா சீசன்.”

பவுனம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு தேடிக் கிளம்பினாள். முயலம்மாள் கதவைப் பாதி திறந்து, “நீங்க சைவமா?” என்று கேட்டாள். “எதைப் போட்டாலும் சாப்பிடுவோங்க” என்றான் சின்னப்பன் வெள்ளந்தியாக. கதவு சாத்திக்கொண்டது. ஆமையிடம் கேட்டால், “எனக்கே சிங்கிள் ரூம்தான். திரும்பிப் படுக்க முடியல” என்றது. ஆந்தையிடம் மட்டும் நல்ல பொந்து ஒன்று காலியாக இருந்தது. “பத்து மாச அட்வான்ஸ். பகல்ல சத்தம் கூடாது. ராத்திரி வெளிய வந்தா, நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல” என்று ஆந்தை அலகைத் தீட்டியது. இருவரும் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தார்கள்.

இப்படி வீடில்லாமல் அலைந்தவர்கள் காட்டில் ஏராளம். ஆனால் அணில்கள் சிங்கராசாவின் பிடரிமயிருக்குள் படுக்கத் தொடங்கிய பிறகுதான் பிரச்சினை அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்தது. ராசா சொறிந்துகொண்டே சபையைக் கூட்டினார். எளியோர் வீட்டு நிதி என்று ஒன்று தொடங்கப்படும், வசதியுள்ளவர்கள் எல்லோரும் சுள்ளி, வைக்கோல், சருகு என்று முடிந்ததைத் தர வேண்டும், நரியார் அதற்குச் செயலாளர் என்று அறிவித்தார்.

யானை மரக்கிளைகளாகக் கொண்டுவந்து கொட்டியது. கரடியார் ஒரு பிடி வைக்கோல் கொடுத்து, தன் பெயரை இரண்டு மரம் உயரத்துக்கு எழுதி வைத்தார். மைதானத்தில் நிதி குன்று மாதிரி குவிந்தது. பவுனம்மா ஆசையோடு நரியாரிடம் போனாள்.

“ஐயா, நாலு சுள்ளியும் ரெண்டு கை வைக்கோலும் குடுங்க. நாங்களே கட்டிக்கிறோம்.”

“எடுத்துக் குடுத்தா நிதி குறைஞ்சிடுமேம்மா!”

“குடுக்கத்தானே ஐயா சேர்த்தீங்க?”

நரியார் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “அதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. பலகை எழுதின குரங்குக்கு ளகரம் வராது. ‘எலியோர் வீட்டு நிதி’ன்னு எழுதிட்டான். இப்ப எலிகளுக்கு மட்டுந்தான் குடுக்கணுங்கிறாங்க. நீ பெருச்சாளி. பெருச்சாளி எலிதானான்னு கண்டுபிடிக்க ஒரு குழு போட்டிருக்கு.”

“குழுவுல யாரு இருக்கா?”

“ரெண்டு பூனை.”

பவுனம்மா வந்த வழியே வேகமாகத் திரும்பினாள்.

மறுநாளே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மைதானத்தைக் கடக்கும்போது பவுனம்மாவுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. “என்னங்க, இனிமே ஒரு அடி எடுத்து வைக்க முடியாது” என்றாள். சின்னப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். எதிரில் நிதி. பயந்துகொண்டே அதன் அடியில் பறித்து வழி செய்தான். உள்ளே வெதுவெதுப்பாக, ஒரு சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. குட்டிகள் அங்கேயே பிறந்தன. குழந்தைச் சத்தம் கேட்டு அணில்கள் வந்தன, முள்ளெலிகள் வந்தன, தவளைக் குடும்பம் ஒன்று வாசல்பக்கமாகப் பார்த்துக் குடியேறியது.

மழை விட்டதும் நிதியைப் பார்வையிட ராசா பரிவாரத்தோடு வந்தார். குவியல் கீச்சுக்கீச்சு என்றது.

“என்னய்யா, நிதி கத்துது?”

நரியாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் சமாளித்தார். “வட்டி குட்டி போட்டிருக்கு ராசா.”

அந்த நேரம் பார்த்து ஒரு குட்டி தலையை நீட்டியது. “நிதிக்குள்ள பெருச்சாளி புகுந்துடுச்சு! எல்லாத்தையும் தின்னுடும்!” என்று கரடியார் கூச்சல் போட்டார்.

பவுனம்மா வெளியே வந்தாள். “இதுல ஒரு சுள்ளி குறைஞ்சா ஒழுகப்போறது எங்க தலைமேல. தின்போமாங்க? நீங்களே பார்த்துக்குங்க ராசா.”

யானை சுற்றி வந்து பார்த்தது. ஒழுகிய இடமெல்லாம் குடியிருந்தவர்கள் புதுச் சருகு திணித்திருந்தார்கள். நிதி முன்னைவிடப் பெருத்திருந்தது.

நரியார் சட்டென்று நிமிர்ந்தார். “ராசா! ஒரு சுள்ளிகூடச் செலவழிக்காம எல்லாருக்கும் வீடு குடுத்துட்டோம்!”

ராசாவின் பிடரியில் அன்று முதல் அரிப்பு இல்லை. பக்கத்துக் காடுகளிலிருந்து வந்து அவருக்கு மாலை போட்டார்கள்.

அடுத்த கோடையில் நரியாருக்கு என்ன தோன்றியதோ, நல்ல எண்ணம் வந்துவிட்டது. நிதியைப் பிரித்து ஆளுக்கொரு நிஜ வீடு கட்டித் தரலாம் என்று சபையில் சொல்லிவிட்டார். மாலைக்குள் மைதானம் நிறையக் கூட்டம். முன்வரிசையில் குட்டிகளோடு பவுனம்மா.

“கை வைக்காதே! கை வைக்காதே! எளியோர் நிதியில் கை வைக்காதே!”

“ஏம்மா, உங்களுக்கு வீடு கட்டத்தானே கேக்குறேன்?”

“வீடு கட்டி முடிக்கிற வரைக்கும் நாங்க எங்கய்யா போய் இருக்கிறது?”

திட்டம் கைவிடப்பட்டது. எல்லோரும் நிதிக்குள் போய் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

நீதி: வீட்டுக்கு நிதி ஒதுக்குவார்கள் என்று காத்திராதே, நிதி குவிந்த இடம் பார்த்து நீயே போய் ஒதுங்கிக்கொள்.