பதற்றம் தணிக்கும் பொன்முடி

பதற்றத்தைக் குறைக்கும் கருவியை மாட்டிய பிறகு அந்த அம்மாளின் நாடித்துடிப்பு எண்பத்தெட்டிலிருந்து நூற்றுப் பத்துக்கு ஏறியது.

பொன்செல்வி மீட்டரை ஒரு தட்டுத் தட்டினாள். நூற்றுப் பதினைந்து ஆனது.

கட்டிலில் கழுத்துவரை பச்சைப் போர்வை. முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெரிய ஹெல்மெட். அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு தடித்த வயர். போர்வைக்கு வெளியே வந்திருந்த இரண்டு கைகளும் காற்றில் எதையோ விறுவிறுவென்று கிள்ளி, முதுகுக்குப் பின்னால் எறிந்துகொண்டிருந்தன.

“அம்மா, என்ன பண்றீங்க?”

“பேச்சுக் குடுக்காத மக்களே. சங்கு ஊதுறதுக்குள்ள கூடை நெறையணும்.”

ஆஞ்சியோகிராம் எடுக்கப் போகிறவர்கள் பயப்படாமல் இருக்க, கண்ணுக்குள்ளேயே வேறு உலகத்தைக் காட்டும் கருவி அது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் பொன்செல்வி வேலை பார்த்த கம்பெனியின் கண்டுபிடிப்பு. மேனேஜர் அனிலும் கூட்டாளிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்முடி மலைக்குப் போய், கோழி பொரித்துத் தின்றுவிட்டு, தேயிலைத் தோட்டத்தைவிட இதமான இடம் பூமியில் கிடையாது என்று முடிவு செய்து படம் பிடித்து வந்திருந்தார்கள்.

“தேயிலை பறிக்கிறவங்களே பேஷண்டா வந்தா?” என்று அப்போதே கேட்டாள் பொன்செல்வி.

“அவங்களுக்கு ஹார்ட் ப்ராப்ளம் எங்கே வரும்? நல்ல எக்சர்சைஸ் அல்லே?” என்றார் அனில். எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் நாள், முதல் பேஷண்ட், பொன்முடி எஸ்டேட்.

தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று பொன்செல்வியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பல்ஸ் குறைந்தால் வேலை நிரந்தரம். குறையாவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டாம். இதையும் அனில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவள் அப்பா சாலைக் கடைத்தெருவில் புரோட்டா மாஸ்டர். அந்தக் குடும்பத்தில் முதல் டிகிரி அவளுடையது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அறைக்குள் நுழைந்ததும், “பொன்முடி எஸ்டேட்லேருந்து வந்த அம்மா நீங்கதானே?” என்று கட்டிலைப் பார்த்துக் கேட்டிருந்தாள்.

“ஆமா மக்களே” என்றாள் கட்டிலில் கிடந்தவள்.

“அவளுக்கு மாட்டு. நல்லா இறுக்கி மாட்டு” என்றாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள். பேஷண்டுக்குத் துணையாக ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்பது இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் எழுதாத சட்டம். அந்த ஆளுக்குப் பைஸ்டாண்டர் என்று பெயர். பொன்செல்வி அவளைக் கண்டுகொள்ளவில்லை.

இப்போது அந்த ஸ்டூல்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏட்டி, கொழுந்த மட்டும் கிள்ளு. முத்தின எலையப் போட்டா கங்காணி திட்டுவான்.”

“கங்காணி வந்துட்டானா? எங்க நிக்கான்?” கட்டிலில் தலை இப்படியும் அப்படியும் திரும்பியது.

நூற்று இருபது.

பொன்செல்வி காட்சியை மாற்றினாள். கோவளம். நீலக் கடல், வெள்ளை மணல், ஒரு தென்னை.

“எம்மா, தண்ணி.” இரண்டு கால்களும் போர்வையோடு மேலே போயின. கால் கட்டைவிரலில் மாட்டியிருந்த நாடிக் கிளிப் தெறித்து விழுந்தது. “மலையில கெடந்தவளக் கொண்டுவந்து கடல்ல தள்ளுதியே. எனக்கு நீச்சல் தெரியாது மக்களே.”

“அது வெறும் படம்மா. நனையாது.”

“சேலையத் தூக்கிக்கோட்டி, அடுத்த அலை பெரிசா வருது” என்றாள் ஸ்டூல்காரி. அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

கிளிப்பைத் திரும்ப மாட்டியபோது மீட்டர் நூற்று இருபத்தெட்டு காட்டியது. பொன்செல்விக்குப் பொறுமை போய்விட்டது.

“பைஸ்டாண்டர் கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருக்கீங்களா? பேஷண்டுக்கு டென்ஷன் ஏறுது. சிரிக்கணும்னா வெளிய போய்ச் சிரிங்க.”

அட்டெண்டர் தங்கப்பன் கதவைத் திறந்து தலையை நீட்டினார். “நேரமாயி அம்மா. வாங்கோ.”

ஸ்டூல்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் பின்னால் போனாள். வராந்தா முழுக்க அவள் சிரிப்புக் கேட்டது. ஒரு தொல்லை ஒழிந்தது என்று பொன்செல்வி நினைத்தாள்.

செல்போன் அடித்தது. அனில்.

“பல்ஸ் தாழ்ந்தோ?”

“தாழ்ந்துக்கிட்டே இருக்கு சார்.”

நூற்று முப்பது.

இனி ஒரே ஒரு காட்சிதான் பாக்கி. கம்பெனியிலேயே எல்லோருக்கும் பிடித்தது. மலை உச்சி பங்களா, வராந்தாவில் பிரம்பு நாற்காலி, எதிரே மூடுபனி. பொன்செல்வி பட்டனை அமுக்கினாள்.

கட்டிலில் இருந்தவள் விறைத்துப் போனாள். பிறகு போர்வையை உதறிவிட்டுக் கீழே குதித்தாள்.

“இது துரை பங்களா. இந்த வராந்தாவுல எங்கள ஏறவே விடமாட்டாவ.”

“இப்ப நீங்கதான் துரை. அந்த சேர் உங்களுக்குத்தான். உக்காருங்க.”

“உக்காந்தா வேல போயிரும் மக்களே.”

“நீங்க உக்காரலைன்னா என் வேலை போயிரும்மா. தயவுசெய்து உக்காருங்க.”

“பின்ன நீ உக்காரு” என்று அவள் வாசலைத் தேடி நடந்தாள். வயர் இழுபட்டது. கம்ப்யூட்டர் மேஜையோரம் வரை நகர்ந்தது. பொன்செல்வி பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்த நேரத்தில் சுவரிலிருந்து பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஹெல்மெட்டுக்குள் இருட்டு.

“அப்பாடா, கரண்டு போயிட்டு” என்றாள் அந்த அம்மாள். கையால் தடவிக் கட்டிலைக் கண்டுபிடித்து ஏறிப் படுத்தாள். “இனி இன்னைக்கு வேல கெடையாது.”

கொஞ்ச நேரத்தில் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குறட்டை கேட்டது. பொன்செல்வி மூச்சுவிடாமல் கிளிப்பை மாட்டினாள். தொண்ணூறு. எண்பது. எழுபது.

ஒன்றரை வருஷம் எட்டுப் பேர் உட்கார்ந்து செய்த கருவி, அணைத்துப் போட்டால் அருமையாக வேலை செய்தது. அவள் பிளக்கைத் தொடவில்லை. ஸ்டூலில் அமர்ந்து, ஆஞ்சியோவுக்கு யாராவது வந்து கூப்பிடட்டும் என்று காவலிருந்தாள். யாரும் வரவில்லை. வெகுநேரம் கழித்து மறுபடி செல்போன்தான் அடித்தது.

“பொன்செல்வி, யூ ஆர் கிரேட்” என்றார் அனில். “இப்பதான் டாக்டர் விளிச்சார். பேஷண்ட் சிரிச்சுக்கிட்டே லேப்புக்குள்ள வந்தாங்களாம். டேபிள்ல கிடந்தும் சிரிப்பு. பல்ஸ் நார்மல். ஆஞ்சியோ முடிஞ்சாச்சு. மிஷின் வாங்குறாங்க. நீ பெர்மனென்ட்.”

பொன்செல்வி கட்டிலைப் பார்த்தாள். குறட்டை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

“எந்த பேஷண்ட் சார்?”

“ஆகெ மொத்தம் ஒரு பேஷண்ட் அல்லே இன்னைக்கு?”

கதவு திறந்தது. தங்கப்பன் ஒரு டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் மல்லாந்து கிடந்த ஸ்டூல்காரி தலையை மட்டும் திருப்பிச் சொன்னாள்:

“ஏட்டி மாடம்மா, எனக்குப் பயமா இருக்கு, மொதல்ல நீ மாட்டிப் பாத்துச் சொல்லுன்னு படுக்க வச்சா, தூங்கவா செய்யுத? எந்திரி, எனக்கு நெஞ்சுல குழாய் விட்டுப் பாத்து முடிஞ்சாச்சு, என் கட்டில விடு.”