நாலாவது தட்டு

இனிமேல் எனக்கு யாரும் ஆறிப்போன மீனை மூடி வைக்கக் கூடாது!

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சமையலறையில் தனியாக நின்று நான் எடுத்த சபதம் இது. கேட்டுக்கொண்டிருந்தது தட்டிலிருந்த கானாங்கெளுத்தி மட்டும்தான். அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை. உறையின் மேல் ஒரு சீட்டு: 'சூடு பண்ணிச் சாப்பிடுங்க.'

என் மனைவி சிஹாரு, செவ்வாயும் வெள்ளியும் தொடக்கப்பள்ளி விளையாட்டுக் கூடத்துக்குப் போய்விடுவாள். எங்கள் ஊர் இல்லத்தரசிகளின் வாலிபால் குழு. பக்கத்து வீட்டு சுமியே அக்கா அதற்குத் தலைவி. நான் டோக்கியோவில் வளர்ந்தவன். கல்யாணத்துக்கு அப்புறம்தான் மலையடிவாரத்து இந்த ஊருக்கு வந்தேன். வந்த மாதமே சுமியே அக்கா சிஹாருவின் உயரத்தைப் பார்த்தார். அன்றோடு என் சூடான சாப்பாடு முடிந்தது. சக்களத்தி என்பதற்கு ஆண்பால் இருந்தால் அந்தப் பந்துக்குத்தான் வைப்பேன்.

சிஹாரு கன்னம் சிவக்க வீட்டுக்குள் வந்ததும் ஆரம்பித்தேன்.

"ஒரு பந்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தட்டறதுக்கு வாரத்துல ரெண்டு நாளா?"

"வெறுமனே தட்டறதில்லீங்க. விதியெல்லாம் இருக்கு. உங்களுக்கு ஒண்ணாவது தெரியுமா?"

"ஏன் தெரியாது? கீழ விழக் கூடாது."

"அதை உங்க கையில இருக்கற கோப்பைக்கும் சொல்லி வைங்க. போன வாரம் ரெண்டு போச்சு."

"பேச்சை மாத்தாத! உங்க கூட்டத்துக்கே விதி தெரியாது. நான் வந்து நின்னா நூறு தப்பு பிடிப்பேன்."

"நூறு வேணாங்க. ஒண்ணே ஒண்ணு. சரியா பிடிச்சு விசில் அடிங்க. அன்னியிலேருந்து செவ்வாயும் வெள்ளியும் உங்க பக்கத்துல உக்காந்துதான் சாப்பிடுவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். விதிகளைப் படிப்பதற்கு முன்னால் நான் அந்தச் சிரிப்பைப் படித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை குப்பை வைக்கும் இடத்தில் சுமியே அக்காவின் கணவர் நிஷிவாகியைப் பிடித்தேன். அவரும் என்னைப் போல மனைவியைப் பந்துக்குக் கொடுத்தவர். என் சபதத்தைக் கேட்டதும் கையிலிருந்த குப்பைப் பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, உனக்குத் துணிச்சல் ஜாஸ்தி."

"வாலிபால் ஆடியிருக்கீங்களா அண்ணே?"

"பள்ளிக்கூடத்துல ஆடினேன். விதிப் புத்தகம் பரண்ல கிடக்கு, எடுத்துத் தரேன். ஆனா நான் தந்தேன்னு மூச்சு விடாத. எங்க வீட்டு அம்மா என்னை ஊறுகாய் போட்டுரும்."

புத்தகத்தை ரயிலில் படித்தேன். குளியல் தொட்டியில் படித்தேன். ஓர் அணிக்கு ஆறு பேர். பந்து போடும் முறை எதிரணியிடமிருந்து கைமாறி வந்தால், எல்லோரும் கடிகார முள் போல ஓர் இடம் நகர வேண்டும். சர்வீஸ் ஒரே தடவை. ஒரு பக்கத்தில் மூன்று தட்டுக்குள் பந்து வலையைத் தாண்ட வேண்டும். சிஹாரு தூக்கத்தில் புரண்டாலும் 'சுழற்சி சரி' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. விசில்? நிலநடுக்கத்துக்காக வாசலருகே வைத்திருக்கும் அவசரப் பையில் ஒன்று இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டேன். கூடத்து வாசலில் காலணியைக் கழற்றச் சொல்லி, விருந்தாளிகளுக்கான செருப்பைக் கொடுத்தார்கள். பளபளத்த மரத்தரையில் அதோடு நான் வீரநடை போட்டேன். பாதி நடைதான். மீதி சறுக்கல்.

ஆட்டம் தொடங்கியது. எண்ணிப் பார்த்தேன். வலைக்கு ஒரு பக்கம் ஒன்பது பேர்! விசிலை ஊதினேன். அவசரப் பை விசில் அல்லவா, மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். இரண்டு பெண்கள் தலையைக் கையால் மூடிக்கொண்டு குந்திவிட்டார்கள்.

"தப்பு! மூணு பேர் அதிகம்!"

சுமியே அக்கா இடுப்பில் கை வைத்தார். "இது ஒன்பது பேர் ஆட்டம் தம்பி."

விடுவேனா? "யாரும் நகரவே இல்லை! சுழற்சி எங்கே?"

"ஒன்பது பேர்ல சுழற்சி கிடையாது. அவங்கவங்க இடம் அவங்கவங்களுக்கு."

சிஹாரு போட்ட சர்வீஸ் வலையில் விழுந்தது. மறுபடி பந்தை எடுத்தாள். ஊதினேன். "ரெண்டாவது தடவை போடறா! பட்டப்பகல் மோசடி!"

"ரெண்டு தடவை போடலாம். மணி ஏழு, பகலும் இல்லை."

மூன்றாவது தட்டில் பந்து வலையில் மோதித் திரும்பியது. ஒருத்தி அதை நாலாவதாகத் தட்டி அனுப்பினாள். நான் ஊதுவதற்குள் பதினெட்டுப் பேரும் ஒரே குரலில், "வலையில பட்டா நாலு தட்டலாம்!"

வீட்டுக்கு வரும் வழியில் சிஹாரு என் முதுகைத் தட்டினாள். "அழகா ஊதறீங்க."

"சிரி. நல்லா சிரி. அந்த ஒன்பது பேர் விதியையும் கரைச்சுக் குடிச்சுட்டு வரேன். தோத்துப்போயி வீட்டுல உக்கார்ற ஆள் நான் இல்லை!"

"வேணாங்க, உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

வேண்டாம் என்றாளே, அதுதான் எனக்கு வேகம் கொடுத்தது. நகர நூலகத்தில் ஒன்பது பேர் ஆட்டத்துக்கான புத்தகம் இருந்தது. அலுவலகத்தில் மேலாளர் பேசும்போது அவர் கையசைப்பில் கூடக் கோடு தாண்டியதா என்று பார்த்தேன்.

அடுத்த செவ்வாய், சொந்தமாக ரப்பர் அடிக் காலணி. வலையின் ஓரத்தில் அசையாமல் நின்றேன். முதல் சுற்றில் ஊதவில்லை. இரண்டாவதிலும் ஊதவில்லை. சிஹாரு என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கவலை தெரிந்தது. எனக்கு அது தேன்.

பிறகு அந்தப் பந்து வந்தது. எதிர்ப்பக்கம் ஒருத்தி ஓங்கி அடித்தாள். சுமியே அக்கா தடுக்கத் தாவினார். பந்து அவர் விரலை உரசிவிட்டுப் பின்னால் போனது. ஒருத்தி எடுத்தாள், ஒருத்தி தூக்கிக் கொடுத்தாள், சிஹாரு அடித்து அனுப்பினாள்.

ஊதினேன்.

"நாலு தட்டு! ஆறு பேர் ஆட்டத்துல தடுப்பு கணக்குல வராது. ஒன்பது பேர்ல வரும். நடுவுல பந்து வலையில படவே இல்லை. தப்பு! தப்பு! தப்பு!"

பதினெட்டுப் பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"என் விரல்ல பட்டுச்சா?" சுமியே அக்கா கேட்டார். "எந்த விரல்?"

"வலது மோதிர விரல், நுனியில."

சுமியே அக்கா தன் விரலைப் பார்த்தார். பிறகு சிஹாருவைப் பார்த்தார். "சிஹாரு, நீ சொன்னது சரிதான். கண்ணு நல்ல கண்ணு."

பதினெட்டுப் பேரும் கை தட்டினார்கள். நானும் தலை குனிந்து வணங்கினேன். நிமிர்வதற்குள் என் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். 'நடுவர்.'

"மாவட்டப் போட்டிக்கு ஒவ்வொரு குழுவும் சொந்தமா நடுவரைக் கூட்டிட்டுப் போகணும் தம்பி. இல்லேன்னா சேர்த்துக்க மாட்டாங்க. ரெண்டு மாசமா ஆள் கிடைக்காம அல்லாடினோம். கேட்டா எந்த ஆம்பளை வரான்? சவால் விட்டாத்தான் வரான்."

"இதெல்லாம் இருக்கட்டும்!" நான் விடவில்லை. "சிஹாரு, நான் ஜெயிச்சேன். சத்தியம் பண்ணியிருக்கே. செவ்வாயும் வெள்ளியும் என் பக்கத்துல!"

"மறப்பேனா?" கூடத்து ஓரத்தில் என்னை உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தாள். கானாங்கெளுத்தி. ஆறியிருந்தது. "நடுவர் எல்லாருக்கும் முன்னாடி வந்து வலை கட்டணும். அதனால வெள்ளிக்கிழமை ஆபீஸ்லேருந்து நேரா இங்க வந்துடுங்க."

இந்த அநியாயத்தை நிஷிவாகி அண்ணனிடமாவது சொல்லி அழுவோம் என்று எழுந்தேன். சாமான் அறைக் கதவு திறந்தது. கையில் சிவப்புக் கொடியோடு, எல்லைக்கோடு பார்ப்பவரின் பட்டை கட்டிய கையோடு அவர் வெளியே வந்தார்.

"வா தம்பி," என்றார். "போன வருஷம் நானும் இப்படித்தான் ஜெயிச்சேன்."