கருகிய கொள்ளும் யசோதாவின் சபதமும்

வடமாலபேட்டை
ஏப்ரல் 1960

மகா கனம் பொருந்திய மச்சான் எத்திராஜ் அவர்களுக்கு, செங்கல்வராயன் வணக்கமாய் எழுதிக்கொண்டது. இங்கே நானும் எருமையும் சௌக்கியம். எருமை என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம். வரதய்யபாளையத்தில் தாங்களும், என்னிடம் கோபித்துக்கொண்டு அங்கே வந்திருக்கும் தங்கள் தங்கை யசோதாவும் நலமாயிருக்க ஏழுமலையான் அருள்வானாக.

விஷயம் என்னவென்றால், கொள்ளு வறுக்கும்போது கருக்கிவிட்டாள் என்று நான் ஒரே ஒரு வார்த்தை, "இத்த மாடுகூட துன்னாது" என்றேன். உடனே அவள், "இனிமே உன் ஆந்திராவுல கால் வெச்சா ஏன்னு கேளு" என்று சபதம் போட்டு மெட்ராஸ் ராஜ்யத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். போகட்டும். மறுவாரமே திருப்பதியிலிருந்து உமாபதி என்கிற தொல்பொருள் ஆராய்ச்சி சார் வந்து என் மேட்டுநிலத்தைத் தோண்டினார். தங்கம்தான் தேடுகிறார் என்று நான் கூடவே நிற்க, மனுஷன் சாம்பல் மண்ணாக அள்ளித் தொட்டியில் கரைத்து, மேலே மிதந்த கரித்துணுக்கை மல்துணியில் வடிகட்டி, பூதக்கண்ணாடியில் பார்த்து, "கொள்ளு! கொள்ளு!" என்று குதிக்கிறார். பல ஆயிரம் வருஷத்துக் கொள்ளாம். "கருகிப்போச்சே சார்" என்றேன். "கருகினதாலதான்யா இருக்குது! நல்லா வறுத்ததெல்லாம் துன்னுட்டாங்க, மிச்சம் மக்கிப்போச்சு. எந்தத் தல்லியோ, எந்த ஆத்தாவோ கருக்கிக் கொட்டினா, அதனாலதான் இங்க என்னா வெளைஞ்சுதுன்னு இன்னிக்குத் தெரியுது. அவளுக்கு ஒரு கும்பிடு!" என்றார்.

அடடா மச்சான், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு! நம்ம யசோதாவ அந்த மகராசி எடத்துல வெச்சுப் பாத்தேன். பழசோட ஒப்பிட்டுப் பாக்க இந்தக் காலத்துக் கொள்ளையும் சார் கருக்கிக் கேக்கறாரு. நானே வறுத்தேன், ஒண்ணு பச்சையா நிக்குது, இல்லாட்டி சாம்பலாப் போயிடுது. அவ கை யாருக்கு வரும்? வீடு வெறிச்சோடிக் கெடக்குது மச்சான், என்னைத் திட்டக்கூட ஆளில்லே. சபதம்னு சொன்னா இதைச் சொல்லுங்க: இந்த மாசம் ஒண்ணாந்தேதியிலேர்ந்து உங்க வரதய்யபாளையமே ஆந்திராவுல சேர்ந்துடுச்சு, அவ உங்க கூடத்துல குந்திக்கினே சபதத்த முறிச்சுட்டா. கவர்மெண்டே பாத்து செஞ்ச சமாதானம், நாம தட்டலாமா? உடனே பஸ் ஏத்திவுடுங்க.

அக்காவுக்கு நமஸ்காரம், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், பக்கத்து வீட்டு விசாரிப்புக்காரர்களுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை
செங்கல்வராயன்

பின்குறிப்பு: அவளை அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குள் அவளே வந்து நிற்கிறாள்! தோண்டுகிற ஆட்களுக்கு நான்தான் சமைக்கிறேன் என்று யாரோ சொல்ல, ஐயோ பாவம் அந்த ஆட்கள் என்று, நீங்கள் கழனிக்குப் போன நேரத்தில் கிளம்பிவிட்டாளாம். வந்ததும் சாருக்காகக் கொள்ளு வறுத்தாள். ஒரு மணிகூடக் கருகவில்லை, அத்தனையும் பொன்னிறம். சார் தலையில் கைவைத்துக்கொண்டு குந்தியிருக்கிறார். வருங்காலத்துக்கு ஒண்ணும் மிச்சம் வைக்காம, மொத்தத்தையும் நானே துன்னுட்டேன்.