மிசஸ் கிம்ப்ரோவின் கணவர்

மிசஸ் ஆர்டெல் கிம்ப்ரோ என்று ஒரு விதவை உண்மையிலேயே இருந்தாரா? இந்தச் சந்தேகம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. எங்கள் சேனலின் வரலாற்றை யார் சொன்னாலும் அவருடைய கதையைத்தான் முதலில் சொல்வார்கள். நானும் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கைதட்டுவார்கள். எனக்குள் மட்டும் ஏதோ ஒன்று கைதட்டாமல் உட்கார்ந்திருக்கும். தான் நம்பாததைச் சொல்லி அடுத்தவரை அழவைக்கிறவன் என்ன மனிதன்?

பிடில் டிவி தொடங்கியபோது நான் வடக்கே ஒஹையோவிலிருந்து தெற்கே டென்னசியின் நாஷ்வில்லுக்கு வந்து இறங்கிய இளைஞன். கன்ட்ரி என்கிற பட்டிக்காட்டுப் பாட்டுக்குத் தனியாக ஒரு கேபிள் சேனலா என்று நியூயார்க்கில் சிரித்தார்கள். ஆனால் மலை இடுக்குகளில், ஆன்டெனாவில் புள்ளி மழையைத் தவிர வேறெதுவும் தெரியாத வீடுகளில், கேபிள்காரன் கம்பியை இழுத்துவிட்டுப் போன அன்றைக்கே எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். காலையில் புதுப் பாட்டுகள். மதியம் பழைய பாடகர்கள் கிதாரும் கையுமாக உட்கார்ந்து, யார் யாரை விட்டு ஓடிப்போனார்கள் என்று பேசுவார்கள். ராத்திரி நேரடிக் கச்சேரி. சனிக்கிழமை மீன்பிடி. எது எப்போது வரவேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை என்னுடையது. நாட்டில் பாதி வீடுகள் எப்போது கண்ணீர் விடவேண்டும் என்று நான்தான் முடிவு செய்தேன். என் வீட்டில் எப்போது சாப்பாடு என்பதை மட்டும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

காரணம், ஐந்தரை மணிக்கு வரும் 'கொட்டகை ஆட்டம்'. வைக்கோல் கொட்டகை மாதிரி செட் போட்டு, பூட்ஸ் அணிந்த ஜோடிகளை வரிசையாக நிறுத்தி ஆடவிடுவோம். என் மனைவி நெல்டாவுக்கு ஒரு பல் டாக்டரிடம் வேலை. வருகிறவர்களை உட்காரவைப்பது, போன் எடுப்பது. நாலு மணிக்கு வீடு திரும்பி அடுப்பில் பீன்ஸை ஏற்றுவாள். ஐந்தரை ஆனதும் டிவி முன்னால் பூட்ஸோடு நிற்பாள். நான் மேஜை முன்னால் தட்டோடு உட்கார்ந்திருப்பேன்.

"பீன்ஸ் கருகுது, நெல்டா."

"இறக்கி வை. கை இருக்குல்ல?"

"நாள் முழுக்க உழைச்சுட்டு வந்திருக்கேன்."

"நான் மட்டும்? நாள் முழுக்க ஊர் வாயைப் பார்த்துட்டு வந்திருக்கேன். எந்திரி, வெண்டெல். இடது கால் முன்னாடி, வலது கால் பின்னாடி, அப்புறம் ஒரு திரும்பு."

"எனக்கு ஆட வராது."

"வருமா வராதான்னு யார் கேட்டா? வான்னுதானே கூப்பிட்டேன்?"

நான் எழுந்திருக்க மாட்டேன். எங்கள் குடும்பத்தில் யாரும் ஆடியதில்லை. ஒஹையோவில் சர்ச்சில் உட்கார்ந்து கால் ஆட்டினாலே டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். ஆடத் தெரியாதவன் ஆட்டிவைக்கப்படுவான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் சோள ரொட்டி கரிக்கட்டியாக வந்தது. அதன்மேல் சர்க்கரையைத் தூவிக்கொண்டே சபதம் எடுத்தேன். சோள ரொட்டிக்குச் சர்க்கரை போடுவது எங்கள் வடக்கத்திப் பழக்கம்; டென்னசியில் அது கிட்டத்தட்டக் குற்றம். நான் அந்தக் கிண்ணத்தைத் தொடும்போதெல்லாம் நெல்டா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனால் என் முகத்தில் இருந்த சபதத்தை அவள் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் ஆபீசில் கொட்டகை ஆட்டத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றினேன். அந்த நேரத்தில் நெல்டா பல் டாக்டரிடம் இருப்பாள். ஐந்தரைக்கு மீன்பிடியைக் கொண்டுவந்தேன். மீனைப் பார்த்துக்கொண்டு யாராலும் ஆட முடியாது.

"மேலிடத்து உத்தரவு," என்றேன் வீட்டில்.

"மேலிடம்னா?"

"பாலார்ட்தான்." பாலார்ட் என் முதலாளி. நியூயார்க்கிலிருந்து வந்தவர். பாவம், இதில் அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

நெல்டா என் தலையைத் தடவிக்கொடுத்தாள். "நீ என்ன பண்ணுவே, கண்ணு. உன் மனசு நல்லாருக்கணும்."

தெற்கத்திப் பெண்கள் பேச்சுக்குப் பேச்சு சொல்கிற வார்த்தை அது. வாழ்த்து என்றே எடுத்துக்கொண்டேன். அன்று ஐந்தரைக்குப் பீன்ஸ் சூடாக வந்தது. கருகாமல் வந்தது. மனசு நன்றாகத்தான் இருந்தது.

மறுவாரம் நேயர் அழைப்பில், இழுத்து இழுத்துப் பேசும் கிழட்டுக் குரலில் ஒரு பெண்மணி. மேனேஜரிடம்தான் பேசுவேன் என்று பிடிவாதம் பிடித்தாராம். என் அறைக்கு இணைப்புக் கொடுத்தார்கள். பாலார்ட் அப்போது என் எதிரில் உட்கார்ந்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். நேயர் அழைப்புகளை டேப்பில் பதிவது வழக்கம். அதுவும் பதிவானது.

"நான் மிசஸ் ஆர்டெல் கிம்ப்ரோ பேசறேனுங்க. மலைமேல இருக்கேன். என் வீட்டுக்காரர் போயிட்டாருங்க."

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா."

"உங்களுக்கு எதுக்குங்க வருத்தம்? நீங்களா கொன்னீங்க? நல்ல மனுஷன்தான். ஒரே குறை, ஆட வரமாட்டாரு. தினம் அஞ்சரைக்கு உங்க கொட்டகை ஆட்டத்தைப் போட்டுட்டு நான் ஆடுவேன். அவரு தட்டை முன்னாடி வெச்சுக்கிட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி உக்காந்திருப்பாரு. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் எந்திரிச்சு வருவாருன்னு பார்த்தேன். அதுக்குள்ள போய்ச் சேந்துட்டாரு."

பின்னணியில் ஒரு ரீங்காரம் கேட்டது.

"அது என்னம்மா சத்தம்?"

"பக்கத்து வீட்டுல மரம் அறுக்கறாங்க. இப்ப அவரோட நாற்காலியை எதிர்ல போட்டுக்கிட்டு ஆடறேன். நாற்காலிக்கும் அவருக்கும் பெருசா வித்தியாசம் இல்லீங்க. அந்த அஞ்சரையையும் பிடுங்கிட்டீங்களே?"

பாலார்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிம்ப்ரோ எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சக்காரன் என்று மனதுக்குள் திட்டினேன்.

"பழையபடி அஞ்சரைக்கே போடறோம்மா," என்றேன்.

"உங்க மனசு நல்லாருக்கணும். சோள ரொட்டியில சர்க்கரை போட்டுத் தின்னாலும் நல்லாருக்கணும்."

என் பேச்சு என்னை வடக்கத்திக்காரன் என்று காட்டிக்கொடுத்திருக்கும் என்று நினைத்தேன்.

கொட்டகை ஆட்டம் ஐந்தரைக்கே திரும்பியது. உருகிப்போன பாலார்ட் அரைமணி நிகழ்ச்சியை ஒரு மணி ஆக்கினார். 'உங்கள் மனசு நல்லாருக்கணும்' என்பது சேனலின் வாசகம் ஆனது. தொப்பியில் அச்சடித்தோம். கோப்பையில் அச்சடித்தோம். மேக்கப் அறைப் பெண்கள் ஏன் வாயைப் பொத்திக்கொண்டார்கள் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எதிரில் இருப்பவனை முட்டாள் என்று சொல்ல மரியாதை தடுக்கும்போது இந்த ஊர்ப் பெண்கள் சொல்வது அதைத்தான். நாங்கள் அதைத் தினமும் நாடு முழுவதற்கும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆண்டு விழாவுக்கு அழைக்க பாலார்ட் மலைக்குக் கார் அனுப்பினார். கிம்ப்ரோக்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆர்டெல் என்று யாருமில்லை. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

"துக்கம் தாங்காம அவளும் போயிருப்பா," என்று நெல்டா கண்ணைத் துடைத்தாள். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு சேனல் கைமாறியது. இளைஞர்கள் பார்க்கவேண்டும் என்றார்கள். கொட்டகையைப் பிரித்தார்கள். காளைமேல் சவாரி வந்தது. பழைய சிரிப்புத் தொடர்கள் வந்தன. பாட்டு விடியற்காலைக்குப் போனது. பிடிலைச் சின்னத்திலிருந்து எடுத்தார்கள். என்னை வேலையிலிருந்து எடுத்தார்கள். கடைசியில் பெயரையும் மாற்றப்போவதாகச் சொல்லி, போன வசந்தத்தில் ஒரு பிரியாவிடை நிகழ்ச்சி போட்டார்கள். ஐந்தரை மணிக்கு.

வழக்கம்போல் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன். அன்று காலையில்தான் கடைவாய்ப்பல்லைக் குடைந்து அடைத்துக்கொண்டு வந்திருந்தேன். கன்னம் இன்னும் மரத்திருந்தது. டிவியில் மிசஸ் கிம்ப்ரோவின் டேப்பைப் போட்டார்கள். ரீங்காரம் கேட்டது. என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அது மரம் அறுக்கும் சத்தம் இல்லை. காலையில் என் வாய்க்குள் கேட்ட சத்தம்.

அடுப்பங்கரையைப் பார்த்தேன். நெல்டா கரண்டியோடு நின்றிருந்தாள். அவள் உதடு டேப்போடு சேர்ந்து அசைந்தது. ஒரு வார்த்தை முன்னாலேயே அசைந்தது.

"நெல்டா, உனக்கு மிசஸ் கிம்ப்ரோவைத் தெரியுமா?"

"பார்த்திருக்கேன்."

"எங்க?"

"கண்ணாடியில."

"அப்ப, நேரத்தை மாத்தினது பாலார்ட் இல்லைன்னு..."

"பொய் சொல்றப்ப நீ தட்டைத்தான் பார்ப்பே, கண்ணு."

நான் தட்டைப் பார்த்தேன். கிம்ப்ரோவை எத்தனை மேடையில் திட்டியிருக்கிறேன். பெண்டாட்டி கூப்பிட்டும் எழுந்து வராத மனிதன் என்று எவ்வளவு உருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலி கிரீச்சென்றது. டிவியில் பழைய கொட்டகை வந்தது. ஜோடிகள் வரிசையாக நின்றார்கள். நெல்டா கரண்டியை வைத்துவிட்டு டிவி முன்னால் போனாள். இந்தமுறை என்னைக் கூப்பிடவில்லை.

எழுந்தேன். முதலில் இடது காலா, வலது காலா, நினைவில்லை. அவள் பின்னால் போய் நின்று மெதுவாகக் கேட்டேன்.

"நெல்டா, அந்தக் கிம்ப்ரோ நெஜமாவே செத்துட்டாரா?"