எண்பத்தெட்டுக்கு ஒரு பேரம்

உயிரே போனாலும் ஊசி போட்டுக்கொள்வதில்லை என்று பச்சியப்பன் தீர்மானம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அந்த நேரத்தில் அவருடைய வலது பாதம் ஏறக்குறைய ஒரு பூசணிக்காய் அளவுக்கு வந்திருந்தது.

பாப்பாரப்பட்டியில் புளி மண்டி வைத்திருக்கிறார். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கோணி தைக்கும் கூலியாகச் சேர்ந்து, கத்திக் கத்தியே முதலாளி ஆன ஆள். பேரத்தில் உட்கார்ந்தால் எதிராளிக்குத்தான் வேர்க்கும். புளியைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. பத்தடி தள்ளி நின்று நிறத்தைப் பார்த்தே, "இது போன வருசத்துது, எடுத்துக்கிட்டு ஓடு" என்பார். தன் கிடங்கில் மிஞ்சிய போன வருசத்துப் புளியை, "நேத்துத்தான் உலுக்கினது" என்று சத்தியம் பண்ணி ஊரான் தலையில் கட்டுவதும் அவரேதான்.

அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம். ஊசி.

சிரிக்காதீர்கள். கோணி ஊசி வேறு. ஒரு சாண் நீளம், முப்பது வருசமாக அவர் விரலிடுக்கில் விளையாடுவது. டாக்டர் ஊசி அதில் பாதிகூட இல்லை. ஆனால் அதைப் பிடித்திருப்பது அடுத்தவன் கை.

வினை வந்ததோ கோணி ஊசியால். சனிக்கிழமை மண்டியில் கீழே கிடந்த ஒன்று, செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறிவிட்டது. பிடுங்கி எறிந்துவிட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார். ஞாயிற்றுக்கிழமை பாதம் கொதித்தது. முனியப்பனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டார். கொஞ்சம் வலி குறைந்த மாதிரி இருந்ததும், சேவல் எதுக்கு, தேங்காய் போதும் என்று சாமியிடமே விலையை இறக்கினார். திங்கட்கிழமை சாமி பதில் சொன்னது. குளிர் காய்ச்சல்.

பயந்துபோய் யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போனார். டாக்டர் அழுத்திப் பார்த்தார். "ரத்தம் டெஸ்ட் பண்ணணும். அஞ்சு நாளைக்கு ஊசி" என்று சீட்டு எழுதினார்.

"இதோ, பக்கத்து லேப்ல குடுத்துட்டு வந்துடறனுங்க" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்ட பச்சியப்பன், நிற்காமல் வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலையில் சட்டையைத் துவைக்க எடுத்த தீர்த்தம்மாள் கையில் அந்தச் சீட்டு.

"ஏங்க, இது என்னா சீட்டு?"

"புளிச் சீட்டு."

"புளிக்கு ரத்தம் பாக்கறாங்களா? காலக் காட்டுங்க."

"காலக் காட்ற வயசா நமக்கு?"

அவள் வேட்டி நுனியைத் தூக்கினாள். கத்துவாள் என்று காதைப் பொத்தத் தயாரானார். கத்தவில்லை. பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருசத்தில் தீர்த்தம்மாள் பேச்சில்லாமல் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

அவள் எழுந்துபோய் ஒரு பால்பாயிண்ட் பேனா எடுத்து வந்தாள். கணுக்காலுக்கு மேலே சிவப்பு முடிகிற இடத்தைச் சுற்றிக் கோடு போட்டாள்.

"இந்தக் கோட்டத் தாண்டுச்சுன்னா டாக்டர்கிட்ட போவணும்."

"தாண்டாது. நான் சொன்னா தாண்டாது."

பத்து மணிக்கெல்லாம் தாண்டிவிட்டது. ரெண்டு விரல்கடை.

பச்சியப்பன் கோட்டைப் பார்த்தார். சிவப்பைப் பார்த்தார். எதிர்வீட்டு ஜானகியம்மாளின் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. அவருக்குக் கட்டைவிரலில் வெட்ட ஆரம்பித்து முழங்காலில் முடித்தார்கள். காலும் போகக் கூடாது, ஊசியும் ஏறக் கூடாது. இதற்கு நடுவில் ஒரு விலை இல்லாமலா போகும்? யோசித்தார். கிடைத்தது.

"தீர்த்தா, நீ போயி ரத்தம் குடு."

"என்னாது?"

"ஒரே வூடு, ஒரே சோறு, ஒரே தண்ணி. என் கோவம்கூட உனக்கு ஒட்டிக்கிச்சு. ரத்தம் மட்டும் வேறயாவா இருக்கும்? உன்னுத டெஸ்ட் பண்ணி ஒண்ணுமில்லன்னு வந்துச்சுன்னா, ஊசியே வேணாம்னு டாக்டர் வாயால சொல்லிடுவாரு."

தீர்த்தம்மாள் அவரை ஒரு நிமிசம் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள்.

எதிராளி உடனே சரி என்றால் சரக்கில் கோளாறு. பச்சியப்பனே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. காய்ச்சலில் மறந்துவிட்டார்.

இரண்டு மணி நேரத்தில் அவள் திரும்பி வந்தாள். கையில் மடித்த காகிதம். மேல் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி நீட்டினாள்.

"ஆம்பளப் பேருல பொம்பள ரத்தத்த எழுத மாட்டன்னுட்டா லேப்புக் கோகிலா. எம்பேருதான் இருக்குது."

"இருந்துட்டுப் போவுது. நம்பரு என்னா?" வியாபாரி கண் நேராக எண்ணுக்குத்தான் போகும்.

"எண்பத்தெட்டு."

"எவ்ளோ இருக்கணும்?"

"ஆறுக்குள்ளயாம்."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பச்சியப்பன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் தன் காலுக்காகத்தான் பயந்தார். கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. இது என் ரத்தம் இல்லையே. இது அவளுடையதாச்சே!

அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் இளைத்திருக்கிறாளோ? கன்னம் ஒட்டியிருக்கிறதோ? மாசி மாசம் ஒருநாள் களி கட்டி கட்டியாக இருந்தது, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தோமே. கட்டி விழாமல் களி கிண்டுகிறவள் அன்றைக்கு ஏன் அப்படிக் கிண்டினாள்? அப்போதே உள்ளே ஏதோ ஆரம்பித்திருக்குமோ?

அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. பூசணிக்காய்க் காலை இழுத்துக்கொண்டு லேப்புக்கு ஓடினார். ஓடினார் என்பது அவர் நினைப்பு. ஒரு ஆட்டுக்குட்டி அவரை முந்திப்போனது.

லேப்பில் இருந்த கோகிலவாணி தீர்த்தம்மாளுக்குச் சித்தி மகள்.

"வாங்க மாமா. கால் ஏன் இப்படி..."

"கால் கெடக்குது. ஆறு இருக்கற எடத்துல எண்பத்தெட்டு இருந்தா என்னா அர்த்தம்?"

"சிஆர்பியா? அது ரத்தத்துல இருக்கற ஒரு புரதம் மாமா. கிருமி உள்ள பூந்துச்சுன்னா ஈரல் அத அவசர அவசரமாச் செஞ்சு ரத்தத்துல கொட்டும். அது போயி கிருமி மேல ஒட்டிக்கிட்டு, இவன்தான் திருடன்னு குறி போடும்."

"மண்டில மூட்டைக்குச் செகப்பு மை போடற மாதிரியா?"

"அதேதான். குறி போட்ட மூட்டயத்தான ஆளுங்க தூக்குவாங்க? வெள்ளையணுவும் குறி இருக்கறத லபக்குன்னு முழுங்கிடும். இன்னொரு கூட்டம் புரதம் இருக்குது. ஒண்ண ஒண்ணு உசுப்பி உட்டுக்கிட்டு வந்து கிருமி ஒடம்புலயே ஓட்ட போடும்."

"போடட்டும்! நல்லா போடட்டும்!"

"அதுலதான் வம்பு. சண்ட பெருசாச்சுன்னா வீங்கும், சுடும், நம்ம சதையும் சேந்து வேவும். போதும் நிறுத்துங்கடான்னு சொல்றதுக்கும் ரத்தத்துல புரதம் இருக்குது. ஆனா கிருமி உள்ளயே குந்திக்கிட்டிருந்தா, எவன் காதுல ஏறுது?"

"எண்பத்தெட்டுன்னா சண்ட எங்க நடக்குது?"

"எங்கன்னு இந்த நம்பர் சொல்லாது மாமா. உள்ள பெருசா நடக்குதுன்னு மட்டுந்தான் சொல்லும். டாக்டர் பாத்துத்தான் எடத்தக் கண்டுபுடிக்கணும்."

எங்கே என்று தெரியாத சண்டை. ஈரலா, நுரையீரலா, நெஞ்சா? காலாக இருந்தால் கோடாவது போடலாம். பச்சியப்பன் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினார்.

"எண்பத்தெட்டு ரொம்ப அதிகம். நாப்பதுன்னு வெச்சுக்க."

"மாமா, இது புளி வெல இல்ல."

"சரி, அம்பது. அதுக்கு மேல நான் ஏற மாட்டன்."

கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுகிறாள் என்று நினைத்தார். அக்கா முறை ஆயிற்றே.

திரும்பும் வழியில் முனியப்பன் கோயில். காய்ச்சலோடு நின்றார். "ஒரு கிடா வெட்டறன். அவள உட்டுடு" என்றார். அவ்வளவுதான். விலையை இறக்கவில்லை, கிடாவின் எடையைச் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாகக் கேட்பதற்கு முன்பே முழு விலையைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார்.

"தீர்த்தா, கெளம்பு. டாக்டர்கிட்ட போலாம்."

"எதுக்கு? டாக்டரு ஊசி போடுவாரு. உயிரே போனாலும் நான் ஊசி போட்டுக்க மாட்டன்."

"ஏய், வெளையாடாத! உள்ள சண்ட நடக்குதுடி! எங்கன்னே தெரியல!"

"எனக்கும் பயமா இருக்காதா? நீங்க ஆம்பள, நீங்களே ஓடியாந்துட்டீங்க. வேணும்னா ஒண்ணு. நீங்க மொதல்ல போட்டுக்குங்க. பின்னாடியே நானும் போட்டுக்கறன்."

பச்சியப்பன் பேரத்தில் இறங்கினார். "நான் ரெண்டு. நீ அஞ்சு."

"அஞ்சுக்கு அஞ்சு."

"மூணு?"

"அப்ப எனக்கும் மூணு. மிச்சம் ரெண்டு போடாம என்னா ஆனாலும் ஆவட்டும்."

அவள் ஒரு பைசா இறங்கவில்லை. அவர் அடங்கிப்போனார்.

அன்று சாயங்காலமே டாக்டர் அவரைப் படுக்க வைத்துத் திட்டினார். ரத்தம் எடுத்தார்கள். அவருக்கு நூற்று முப்பத்திரண்டு. அது அவர் காதில்கூட விழவில்லை. கண்ணை இறுக்கி மூடி, கட்டில் கம்பியைப் பிடித்து, முனியப்பனைக் கூப்பிட்டபோது முதல் ஊசி இறங்கிவிட்டது. அடுத்து தீர்த்தம்மாள் பச்சைத் திரைக்குப் பின்னால் போனாள். கோகிலவாணியும் கூடப் போனாள். உள்ளேயிருந்து "ஆ... அம்மா!" என்று சத்தம். பச்சியப்பனுக்குத் தன் ஊசியைவிட அது அதிகமாகக் குத்தியது. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்து நாளும் இதே கதைதான். ஐந்து நாளும் அவர் ஒருதடவைகூட ஓடவில்லை. தான் ஓடினால் அவளும் ஓடிவிடுவாள். பேனாக் கோட்டுக்குக் கீழே சிவப்பு இறங்கியது, பூசணி சுரைக்காயானது, சுரைக்காய் பாதமானது. ஆறாம் நாள் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஒன்பது.

"காலு தப்பிச்சுது" என்றார் டாக்டர். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நான் பொறுப்பில்ல."

பச்சியப்பன் வீடு வந்ததும் தவிப்போடு கேட்டார். "என்னுத எறங்கிடுச்சு. உன்னுது? மறுபடி எடுத்தாங்களா? எவ்ளோ வந்துச்சு?"

தீர்த்தம்மாள் அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து அதே காகிதத்தை எடுத்தாள். விரித்து அவர் முன்னால் வைத்தாள். இந்தத் தடவை கட்டைவிரல் இல்லை.

மேலே தேதி இருந்தது. மாசி மாசத்துத் தேதி.

பச்சியப்பன் படித்தார். மறுபடி படித்தார். இது வைகாசி.

"பத்தடி தூரத்துல நின்னு போன வருசத்துப் புளியக் கண்டுபுடிக்கறீங்க" என்றாள் அவள். "கையில குடுத்த காயிதத்துல தேதியப் பாக்க வேணாமா?"

"மாசில உனக்கு..."

"காய்ச்சலு. ரெண்டு மணிக்கட்டும் வீங்கிக் கெடந்துச்சு. நானே தனியாப் போயி, கோகிலாகிட்ட ரத்தம் குடுத்துட்டு, ஊசி போட்டுக்கிட்டு வந்தன். புளி சீசன், நீங்க மண்டியே கதின்னு இருந்தீங்க. அன்னிக்கு ராத்திரி வந்து, களி கட்டி தட்டிப்போச்சுன்னு தட்டத் தள்ளினீங்க."

பச்சியப்பன் காகிதத்தை மடித்து வைத்தார். அவருக்கு எல்லா விலையும் தெரியும். இதற்கு என்ன விலை சொல்வது என்று தெரியவில்லை. பிறகு மிச்சமிருந்த மானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப அந்த அஞ்சு நாளும், அந்தத் திரைக்குப் பின்னால அம்மா அம்மான்னு கத்தினியே, அது?"

"கோகிலா பிளாஸ்க்குல டீ கொண்டாந்தா. ரொம்பச் சூடு."