ரிசீவ் டோனை மாற்றிய மேதை

வாய் வேலை செய்கிறவனுக்குக் காதும் வேலை செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். எனக்குச் செய்யவில்லை. அதுவும், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை செய்தே ஆக வேண்டிய நேரத்தில்.

இரத்தோட்டை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு ஸ்டோர் வேலை. அங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது. லொறிக்காரர்கள், பெக்டரி, ஸ்டோர் எல்லாருக்கும் வோக்கி டோக்கிதான். மலை உச்சியில் இருந்த ரிப்பீட்டர் ஒருவர் பேச்சை வாங்கி மற்றவர்களுக்குத் திருப்பி அனுப்பும். பெக்டரியில் ரேடியோவைக் கவனித்தவள் சாந்தி. "ஸ்டோர், கேக்குதாங்க?" என்று அவள் காலையில் கூப்பிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். (சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், சாப்பிட்டேன்.)

அவளுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. புறப்படுகிற அன்று காலையில் பெக்டரிக்கு வந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் பகல் பஸ்ஸைப் பிடிப்பதாக ஏற்பாடு. அதற்குள், "போகாதீங்க, நான் உங்களக் கட்டிக்கிறேன்" என்று சொல்லியாக வேண்டும். நேரில் போய்ச் சொல்லலாம்தான். அதற்குத் தைரியம் என்று ஒரு சாமான் தேவை. என் ஸ்டோரில் அது இருப்பில் இல்லை.

ரேடியோவில் சொன்னால்? தோட்டமே கேட்கும். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. ரேடியோவில் இரண்டு டோன் உண்டு. நம் காதுக்குக் கேட்காத மெல்லிய ரீங்காரம். நாம் அனுப்பும் டோன் சரியாக இருந்தால்தான் ரிப்பீட்டர் நம் பேச்சை ஏற்கும். அங்கிருந்து வருகிற டோன் நம் ரிசீவ் டோனோடு பொருந்தினால்தான் நம் ரேடியோ வாயைத் திறக்கும். முதலில் அனுப்பும் டோனை மாற்றிப் பார்த்தேன். மலை என்னை மதிக்கவே இல்லை. அதைப் பழையபடி வைத்துவிட்டு ரிசீவ் டோனை மாற்றினேன். லொறிக்காரர்களின் சத்தமெல்லாம் சட்டென்று அடங்கியது. ஆஹா, தனி லைன்! சாந்தியின் ரேடியோ பழசு, டோன் பார்க்காமல் எல்லாவற்றையும் வாங்கும். ஆகவே நான் பேசுவது அவளுக்கு மட்டும்தான் கேட்கும் என்று முடிவு கட்டினேன். (நான் பூட்டியது என் காதை மட்டும்தான் என்று எடுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.)

அவள் புறப்படுகிற அன்று காலையில் பொத்தானை அழுத்திக்கொண்டு மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் சிரிப்பு, அவள் குரல், கட்டப்போகும் வீட்டுக்கு அடிக்கப்போகும் பெயின்ட் வரைக்கும். "புடிக்கலன்னா பேசாம இருந்துடுங்க, நான் புரிஞ்சுக்குவேன்" என்று முடித்தேன்.

காத்திருந்தேன். ரேடியோவை உலுக்கினேன், காதோடு வைத்து அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. அதை அணைத்துவிட்டு, உர மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

சாயங்காலம், லொறி ஓட்டும் பாவா நானா மூச்சு வாங்க உள்ளே வந்தார். (எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம்.)

"தம்பி, உங்களுக்கென்ன பைத்தியமா? அந்தப் புள்ள அவ்வளவு கூப்புட்டும் ஏன் பதில் சொல்லல்ல?"

"யாரு கூப்புட்டா?"

"யா அல்லாஹ்! 'எனக்கும் விருப்பம்தான், இப்பவே வந்து எங்க அப்பாக்கிட்ட கேளுங்க, நான் பஸ் ஏற மாட்டேன்'னு அழுதழுது சொல்லிச்சே! நாங்க எல்லாரும் லொறிய ஓரங்கட்டிட்டுத்தான் கேட்டோம். பகல் பஸ்ஸையும் விட்டுட்டு அடுத்த பஸ் வரைக்கும் நின்னு பாத்துச்சு, பாவம்."

விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். பஸ் நிலையத்தில் ஒரு நாய்தான் நின்றது. சிக்னல் உள்ள இடத்துக்குப் போய்ப் போன் எடுத்தால், அவள் போன் அணைந்திருந்தது.

குவைத் போய்ச் சேர்ந்த பிறகு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள்: "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே பேசாம இருந்துட்டீங்கல்ல." ஐயோ! அனுப்பும் டோன், ரிசீவ் டோன், ரிப்பீட்டர் என்று பக்கம் பக்கமாக விளக்கம் எழுதினேன். காதலிக்கு ஹெர்ட்ஸ் கணக்கு அனுப்பிய முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. பிறகு அங்கேயே அவளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டதாம்.

இப்போதெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால், அக்கா தன் பிள்ளைகளிடம், "மாமாவுக்கு ரிசீவ் டோன் மாறிப்போச்சு, தலையில தட்டிப் பாருங்க" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஆனால் ஏக்கம் போகவில்லை. அன்று ரேடியோ வைத்திருந்த அத்தனை பேருக்கும் அவளுடைய சம்மதம் அவள் குரலிலேயே கிடைத்தது. நான் கண்ணை மூடி "எனக்கும் விருப்பம்தான்" என்பதைக் கேட்டுப் பார்க்கிறேன். பாவா நானாவின் பீடிக் குரல்தான் சொல்கிறது. நடுவில் ஓர் இருமலும் வருகிறது.