தாய்மாமனும் வட்ட பேனரும்

எங்கள் உறவினர்களில் யாருக்கும் கோபம் வராது. வயிறு சரியில்லாமல் மட்டும் போகும். பந்திக்குக் கூப்பிடும்போது ஒருவர் "வேணாம்பா, வயிறு ஒரு மாதிரியா கீது" என்றால், பத்திரிகையிலோ பேனரிலோ அவருக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

இந்த வியாதிக்கு நான் மருந்து கண்டுபிடித்தேன். (அப்போதுதான் டிகிரி முடித்திருந்தேன். உலகத்தில் எதற்கும் என்னிடம் மருந்து இருந்தது.) அண்ணன் மகளுக்குக் காதுகுத்து, பேனர் பொறுப்பு என்னுடையது. வரிசையாகப் படம் போட்டால்தானே முதல், கடைசி என்ற சண்டை? வட்டமாகப் போட்டுவிட்டால்! நடுவில் குழந்தை, சுற்றிலும் சொந்தங்கள், எல்லா முகமும் ஒரே அளவு. குழந்தைக்கு நேர் கீழே தாய்மாமன், அதாவது அண்ணியின் அண்ணன். அவர் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்துவார்கள்? அதைப் படத்திலேயே காட்டிவிட்டேன் என்று எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சியில் அடித்து வந்த பேனரைக் காலையில் கோயில் வாசலில் கட்டினேன். ஏணி கிடைக்காததால் தாழ்வாகத்தான் கட்ட முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் சரியாக அதன் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

சின்னசேலத்திலிருந்து சீர்த்தட்டோடு வந்து இறங்கிய மாமா, பேனரை வெகுநேரம் பார்த்தார்.

"சூப்பரா கீது மாப்ள. இன்னா ஒண்ணு, எம் மூஞ்சி செருப்புக்குக் காவல் காத்துக்கினு கீது."

"அது வந்து மாமா... ஒரு கருத்து..."

"ஐயோ, நான் ஒண்ணுமே சொல்லலியேப்பா. யாராவது காவல் இருக்கணுமில்ல?"

வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். காபி கொடுத்தால் வயிறு சரியில்லை. உள்ளே கூப்பிட்டால் கால் வலி. அண்ணி வந்து கெஞ்சியதற்கு, "நீங்க குத்திக்கோங்கம்மா. சின்னசேலம் பஸ் இந்தப் பக்கம்தான வரும்?" என்றார்.

உள்ளே மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை வீறிடுகிறாள். காது குத்த வந்த பத்தர், "ராகுகாலம் வந்துடும், மடி எங்க? மடி எங்க?" என்று பறக்கிறார். தாய்மாமன் மடி இல்லாமல் குத்துவதற்கில்லை. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், அந்த ஊசி என் காதுக்குத்தான் வரும் போலிருந்தது.

வட்டம்தானே, திருப்பிவிட்டால் போச்சு! ஓடிப்போய்க் கயிறுகளை அவிழ்த்து, பேனரைத் தலைகீழாகக் கட்டினேன். மாமா உச்சிக்குப் போய்விட்டார். (தலைகீழாகத்தான். ஆனாலும் உச்சி உச்சிதானே?) குழந்தை உட்பட மொத்தக் குடும்பமும் வௌவாலாகத் தொங்கியது. அதுவரை உச்சியில் இருந்த பெரியப்பா செருப்புக் குவியலுக்குள் இறங்கியிருந்தார்.

மாமா எழுந்து வந்து பார்த்தார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"இதெல்லாம் எதுக்கு மாப்ள? நான் கேட்டனா?"

சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று உள்ளே போய், சம்மணம் போட்டு, மடியில் துண்டை விரித்தார். ராகுகாலத்துக்கு முன்பே இரண்டு காதும் குத்தியாயிற்று.

பந்தியில் பெரியப்பா மட்டும் இலையைத் தொடவில்லை.

"சாப்பிடுங்க பெரியப்பா."

"தொங்கிக்கினு இருக்கறவன் எப்படிடா சாப்புடுவான்? சோறு மூக்குல இல்ல ஏறும்?"

அந்தப் பேனர் பின்னால் தெரிய எடுத்த குடும்பப் படம் இன்றும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. புதிதாக வருபவர்களிடம் மாமாவே கேட்கிறார், "எல்லாத்துக்கும் மேல இருக்கறது யாரு, சொல்லுங்க?"

வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் போதும், இப்போது பள்ளிக்கூடம் போகும் அண்ணன் மகள் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறாள்:

"சித்தப்பா, ஓடியா! இங்க ஒருத்தரத் திருப்பிக் கட்டணும்!"